ஷட்டர் இறங்கிய அரை மணி

ஷட்டரை நான்தான் இறக்கினேன்.

"முழுசா இறக்கு, டீச்சர். ஒரு சாண் விட்டாலும் குனிஞ்சு எட்டிப் பாப்பாங்க," என்றார் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, வலது கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடி லென்ஸைக்கூடக் கழற்றாமல்தான் சொன்னார்.

"அந்த லென்ஸைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்க."

"நீ போய்ட்டு வா. உன் பங்குக்கும் சேர்த்து நானே தூங்கறேன்."

நான் சிரித்துக்கொண்டே கொக்கிக் கம்பியால் ஷட்டரை இழுத்தேன். வழக்கம்போலப் பாதியில் ஒரு முறை முரண்டு பிடித்தது. பிறகு தடதடவென்று வந்து தரையில் உட்கார்ந்தது. பூட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

நாங்கள் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். தூக்கத்தைப் பற்றியது.

எங்களுடையது செல்போன் ரிப்பேர் கடை. கடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வழிவிட வேண்டும். முன்னால் கவுண்டர், அது என் இடம். கவர் விற்பது, திரைக்கு மேல் கண்ணாடி ஒட்டுவது, வருகிறவர்களைச் சமாளிப்பது என் வேலை. என் முதுகுக்குப் பின்னால் அவருடைய மேஜை. சூடு காற்று ஊதும் கருவி, சாலிடரிங் கம்பி, சின்னச் சின்ன இடுக்கிகள், தொட்டியில் தெளிவான திரவம், அதற்குள் பல் துலக்கும் பிரஷ் ஒன்று. சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் மற்றவர்களின் போன்கள். வயிறு உப்பிய பேட்டரியோடு சில, நெற்றி பிளந்து சில, தண்ணீரில் விழுந்து எழுந்து வந்த சில.

தெருவில் அவருக்குப் பெயர் பூதம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர் என்று தொடங்கி, சுருங்கி, பூதமாகிவிட்டது. ஆள் என்னவோ ஒடிசல்தான். புதிதாக வருகிறவர்கள் "பூதம் கடை எது?" என்று கேட்டுக்கொண்டு வந்து, அவரைப் பார்த்ததும் ஏமாந்துபோவார்கள்.

காலையிலிருந்து இரவு வரை நானும் அவரும் ஒரு கை நீட்டும் தூரத்தில்தான் இருந்தோம். ஆனால் நான் பார்த்தது வாடிக்கையாளர்களின் முகத்தை. அவர் பார்த்தது போன்களின் குடலை. எங்கள் பேச்சு, "அந்தச் சிவப்பு கவர் ரெடியா?", "சாயங்காலம்னு சொல்லு", "அந்தம்மா மறுபடியும் வந்திருக்காங்க", "நான் இல்லைன்னு சொல்லு", "உங்களைப் பாத்துட்டுதாங்க இருக்காங்க". இந்த வகையில் வருஷங்கள் ஓடின. மகள் வளர்ந்தாள், படித்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவள் போன பிறகு வீட்டிலும் எங்களுக்கு இதே பேச்சுதான் மிஞ்சியது.

போன் இல்லாமல் ஒரு மணி நேரம் காத்திருக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார்கள், எங்கள் சுவரில் இருக்கிற பழைய விளம்பரத்தை மூன்று முறை படிப்பார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். அவர்களை நினைத்து நானும் இவரும் உள்ளுக்குள் சிரித்திருக்கிறோம். எங்கள் நிலைமையும் அதேதான் என்று வெகுநாள் தோன்றவில்லை.

பார்வை மங்கிப்போய் நான் மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் கவுண்டரில் நின்ற ஒருவர், "அக்காவுக்கு இந்தக் கண்ணாடி எடுப்பா இருக்கு," என்றார். பின்னாலிருந்து இவர் தலை நிமிர்ந்தார்.

"அட, இது எப்ப வாங்கின?"

"போன மாசம்."

"வீட்டுல போட்டுக்கறதில்லையா?"

"தூங்கும்போது மட்டும் கழட்டறேன்."

கவுண்டரில் நின்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. போனின் சர்க்யூட் பலகையில் தலைமுடியில் பாதியே இருக்கிற விரிசலைக் கண்டுபிடிக்கிற மனிதர். கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். வெயில் உச்சிக்கு வந்ததும் எழுந்து போய், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷட்டரை இழுத்துவிட்டார். கடை இருண்டது.

"என்னாச்சு? கரண்ட் போயிடுச்சா?"

"இல்லை. இப்படி உட்காரு."

"எதுக்கு?"

"உன்னைப் பாக்கறதுக்கு."

மேஜை விளக்கைத் திருப்பி என் முகத்தில் அடித்தார். எனக்குக் கண் கூசியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இளைச்சிருக்கே," என்றார்.

"கல்யாணமான புதுசுல சொல்ல வேண்டியதை இப்ப சொல்றீங்க. இப்ப நான் பெருத்துட்டேன்."

"ஓ. நல்லவேளை, கிட்ட வந்து பாத்தேன்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த அரை மணி. ஞாயிறு தவிர எல்லா நாளும், மதியம், ஷட்டர் இறங்கும். எங்கள் இருவரின் போன்களையும் அணைத்துக் கவுண்டர் இழுப்பறையில் போட்டுவிடுவோம். யார் தட்டினாலும் திறப்பதில்லை, பதில் சொல்வதில்லை. ரிப்பேருக்கு வந்த போன்கள் தட்டுகளில் அடித்தால் எடுப்பதில்லை. இவ்வளவுதான் சட்டம். சட்டம் போட்டவர் அவர். அதை மீறப் பார்த்ததும் முதலில் அவர்தான். இரண்டாம் நாளே கை தானாக இடுக்கியைத் தேடிப் போனது. நான் அதைப் பிடுங்கி என் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

தெருவைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஷட்டரை அடித்தார்கள், உதைத்தார்கள். ஒரு அம்மாள் தரையோடு காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள ஆள் இருக்கு! மூச்சு விடற சத்தம் கேக்குது! திருட்டுப் பசங்க!" என்று கத்தினாள். உள்ளே நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு சிரித்தோம். அத்தனை வருஷத்தில் அவர் கை என் வாயில் பட்டது அன்றுதான் முதல் தடவையோ என்னவோ.

பிறகு தெருவே எங்களுக்குக் காவலாகிவிட்டது. எதிரே ஜெராக்ஸ் அக்கா. நகல் எடுத்துக்கொண்டே தெருவில் நடப்பது அத்தனையையும் பார்க்கிறவர். எங்கள் ஷட்டர் பக்கம் யாராவது போனால் அங்கிருந்தே குரல் கொடுப்பார். "தட்டாதீங்க. அவங்க நேரம் அது. அரை மணி கழிச்சு வாங்க." பக்கத்துக் கடை சாவிக்காரர். எந்தப் பூட்டையும் திறக்கிறவர். "நானே இந்த ஷட்டரைத் தொட மாட்டேன், நீ யாருப்பா?" என்று விரட்டுவார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டதும், "பூதம் ஜாடிக்குள்ள போயிடுச்சு!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். டீக்கடையில் சிரிப்புச் சத்தம் எழும். கிண்டல்தான். ஆனால் கிண்டல் செய்துகொண்டே அவர்கள் எங்களுக்கு அந்த நேரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் யாரும் தட்டுவதே நின்றுபோனது. புதிதாக வருகிறவர்களைக்கூட யாராவது கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

உள்ளே என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் சில நாட்கள் பேசவே வரவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒதுக்கிய நேரத்தில் இரண்டு பேரும் பல் டாக்டர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். "மகள் பேசினாளா?" "நேத்துதானே ரெண்டு பேரும் பேசினோம்." "ஆமாமா." பிறகு அவர் தூங்கிவிடுவார். வாயைத் திறந்துகொண்டு, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் நான் நூலகத்திலிருந்து ஒரு தடிமனான நாவல் எடுத்து வந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்துதான் நான் டீச்சர் ஆனேன். காதலன் ஒரு ஊரிலும் காதலி ஒரு ஊரிலும் பிரிந்து கிடக்கிற பழைய கதை. அவருக்குப் பொறுமை போய்விடும்.

"இவன் ஏன் ஒரு போன் பண்ணித் தொலைக்கல?"

"அந்தக் காலத்துல போன் இல்லைங்க."

"அதான் கதை இவ்வளவு நீளமா இருக்கு."

"இருந்திருந்தா ரெண்டாம் பக்கத்துல முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்காது. இவன் பேசியிருப்பான், அவ வேற எதையோ பாத்துக்கிட்டே ம்... ம்னு சொல்லியிருப்பா."

தட்டில் ஏதாவது போன் அடித்தால் நிறுத்திவிட்டுக் கேட்பார். யார் போன் என்று சத்தத்தை வைத்தே சொல்வார். "இது மூணாவது தட்டு. அந்த வக்கீல் போன். மச்சான் கூப்பிடறான், எடுக்காம இருக்கறதே நல்லது." உலகம் முழுக்க யாரோ யாரையோ அவசரமாகத் தேடிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அதை மழைச் சத்தத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சந்தோஷமாக இருந்தோமா என்றால், இருந்தோம். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அன்று காலையில் டாக்ஸிக்காரர் வந்தார். அடிக்கடி வருகிறவர்தான். போன் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. திரை பொடிப்பொடி. போன் இல்லாவிட்டால் அவருக்கு சவாரி கிடையாது. "சாயங்காலம் ஒரு நீள சவாரி இருக்கு அண்ணே. இதை விட்டா இந்த வாரம் ஒண்ணும் இல்லை," என்றார். அந்த மாடலுக்கு எங்களிடம் திரை இல்லை. மொத்தக் கடையில் இருந்தது. ஆனால் மொத்தக் கடைக்காரர் மதியத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார்.

மதியம் வந்து பார்ப்பதாகச் சொல்லி, போனை வைத்துவிட்டு டாக்ஸிக்காரர் போனார். அப்போது மணி எங்கள் அரை மணியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்," என்றேன்.

"நம்ம நேரம் ஆச்சே."

"ஒரு நாள்தானே. பாவம், அந்த மனுஷன் முகத்தைப் பாத்தீங்கல்ல."

"சரி, ஒரு நாள்தானே. நான் தனியா ஜாடிக்குள்ள கிடக்கறேன்." இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "இந்தத் தோள் வேற காலையிலேருந்து இழுக்குது."

அந்தத் தோள் எப்போதும் இழுக்கும். நாள் முழுக்கக் கையை அந்தரத்தில் வைத்து இடுக்கி பிடிக்கிற எல்லோருக்கும் இழுக்கும். நாங்கள் இருவருமே அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் தன் போனை அணைத்து இழுப்பறையில் போட்டார். என்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன். ஷட்டரை இறக்கினேன். எதிரே ஜெராக்ஸ் அக்கா அப்போது மெஷின்மேல் குனிந்திருந்தார்.

மொத்தக் கடையில் கூட்டம். திரையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குமிழித் தாளில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் வர நேரமானது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. திரை உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு, அவர் இந்நேரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தெருவுக்குள் திரும்பினேன். எங்கள் ஷட்டர் இன்னும் இறங்கியே இருந்தது. அதன் முன்னால் டாக்ஸிக்காரர் நின்றிருந்தார். எதிர்ப்புறம் ஜெராக்ஸ் அக்கா படியில் நின்று அவரோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்.

"அரை மணி தாண்டிடுச்சேம்மா. உள்ள என்னமோ விழுந்த சத்தம் கேட்டுச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்."

"புருஷன் பொண்டாட்டி உள்ள இருக்காங்க. என்னமோ விழும், என்னமோ உருளும். உனக்கென்ன அவசரம்? கொஞ்சம் பொறு," என்றார் அக்கா. தெருவில் ஒரு சிரிப்பு.

அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தார். தெருவில், கையில் பையோடு, நான் நடந்து வருவதை. அந்த முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு உள்ளே இழுபட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நீ உள்ள இல்லையா?" என்றார்.

நான் ஓடினேன். சாவிக்காரரும் டாக்ஸிக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஷட்டரைத் தூக்கினார்கள். பாதியில் முரண்டு பிடித்தது. சாவிக்காரர் தோளைக் கொடுத்து நெம்பினார்.

அவர் சுவர் ஓரமாகக் கிடந்தார். ஸ்டூல் சாய்ந்திருந்தது. லென்ஸ் இன்னும் கண்ணில் இருந்தது. ஒரு கை சுவரைத் தொட்டபடி நீண்டிருந்தது, சாவிக்காரர் கடைப் பக்கத்துச் சுவரை. உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. தட்டுகளில் அவ்வளவு போன்கள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தவை, செத்துக் கிடந்தவை. அவருடையது கவுண்டர் இழுப்பறையில், அணைத்தபடி. கவுண்டர் வரை அவரால் வர முடியவில்லை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது மேல் தட்டில் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

தெருவே தன் தன் போனை எடுத்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா," என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆரம்பித்ததே போதுமானதாக இருந்தது.

எல்லாம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு சாவிக்காரர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது," என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு உள்ளேருந்து சுவத்துல தட்டற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவை. நீங்க ரெண்டு பேரும் உள்ள விளையாடறீங்கன்னு நினைச்சேன். அதனால... நானும் இந்தப் பக்கத்துலேருந்து ரெண்டு தட்டு தட்டினேன்மா. விளையாட்டுக்கு. பூதம் தூங்கலையான்னு கேட்டுச் சிரிச்சேன்."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அவரிடம், "உங்களுக்கு எப்படித் தெரியும்," என்றேன். வேறென்ன சொல்வது? அவர் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். நான் தூங்கவில்லை. பதிலுக்கு இரண்டு தட்டு கேட்டபோது உள்ளே கிடந்த என் வீட்டுக்காரர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதுதான் என் ஒரே யோசனை. ஆள் வரப்போகிறது என்று நினைத்திருப்பார். காத்திருந்திருப்பார்.

ஜெராக்ஸ் அக்கா வரவில்லை. எப்படி வருவார்? டாக்ஸிக்காரரிடம் அன்று அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நாங்கள் பழக்கிவிட்டபடி சொன்னதுதான்.

தட்டுகளில் இருந்த போன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மகளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். "ரொம்ப நல்ல மனுஷன்," என்பார்கள். என் முகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். போன் கைக்குப் போனதும் விரல் தானாக அதன்மேல் ஓடும். "எவ்வளவு பொறுமை..." என்று சொல்லும்போது கண் கீழே போய்விடும். நான் யாரையும் குறை நினைக்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் போனைப் பையில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது தினமும் ஒரு நேரம் ஒதுக்கி, ஒண்ணா உட்கார்ந்து பேசினீங்க. அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதை நினைச்சு மனசைத் தேத்திக்குங்க," என்றாள். நல்ல மனசோடு சொன்னாள். நான் கையை உருவிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏனென்றால் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வேறு விதமாக. மற்றவர்களைப் போல நாங்களும் தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டே இருந்திருந்தால், அந்த மதியம் கடை திறந்திருக்கும். எங்கள் கவுண்டரில் ஆள் இல்லாத நிமிஷம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கிற அந்த நொடியில் யாராவது ஒரு அவசரக்காரர், "என்ன அண்ணே, இன்னும் ரெடியாகலையா?" என்று எட்டிப் பார்த்திருப்பார். நாங்கள் விரட்டி விரட்டி விலக்கிய கூட்டம் அது. அந்தக் கூட்டம் இருந்திருந்தால் அவர் இன்றைக்கு இருப்பார். என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். அதோடு நான் இருந்துகொள்வேன். இன்னும் பத்துக் கண்ணாடி மாற்றினாலும் அவர் பார்க்க வேண்டாம்.

அப்படி நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்று எழும். அரை மணியை முழுசாகக் கடைப்பிடித்திருந்தால்? டாக்ஸிக்காரரிடம், "நாளைக்கு வாங்க," என்று சொல்லியிருந்தால் நான் உள்ளே இருந்திருப்பேன். ஷட்டரைத் தூக்கிக் கத்தியிருப்பேன். ஒன்று, அந்த நேரத்தை ஒதுக்காமலே இருந்திருக்க வேண்டும். இல்லை, ஒதுக்கியதை யாருக்காகவும் விடாமல் இருந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம். ஷட்டரும் இறங்கியிருந்தது, நானும் உள்ளே இல்லை. எந்தப் பக்கம் போய் முட்டினாலும் சுவர்தான். இதிலிருந்து கற்றுக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை. யாராவது இருக்கிறது என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், நம்பமாட்டேன்.

நாவலில் எண்பது பக்கம்போல மீதி இருந்தது. ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே படித்து முடித்தேன். இருவரும் கடைசியில் சேர்ந்துவிட்டார்கள். முடிவு சுமார்தான். புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

டாக்ஸிக்காரர் தன் போனைக் கேட்டு வரவே இல்லை. நானே ஆள் விட்டு வரச் சொன்னேன். வந்தவர் கடைக்குள் ஏறாமல் தெருவிலேயே நின்றார்.

"நான் ஷட்டரைத் தூக்கியிருக்கணும்கா. சத்தம் கேட்டதும் தூக்கியிருக்கணும். அந்தம்மா சொல்லிச்சுன்னு நின்னுட்டேன்."

"எல்லாரும்தான் நின்னாங்க."

"நான் வராம இருந்திருந்தா நீங்க போயே இருக்க மாட்டீங்க."

"அப்படி ஆரம்பிச்சா முடிவே இல்லை. உங்க சவாரி என்னாச்சு அன்னிக்கு?"

"போகலைக்கா."

புதுத் திரையையும் உடைந்த போனையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தேன். வேறு கடையில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். வாங்கிக்கொண்டு, பணம் எடுக்கப் பையில் கையை விட்டவர், என்னைப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். வேறொரு மெக்கானிக்கை வைத்து நடத்தலாம் என்று டீக்கடைக்காரர் யோசனை சொன்னார். நான் சில நாள் போய்க் கடையில் உட்கார்ந்து பார்த்தேன், முடிகிறதா என்று. காலை போய்விடும். மதியம் ஆக ஆக என் கை கொக்கிக் கம்பியைத் தேடும். ஷட்டரை இறக்கினால் உள்ளே இருக்க முடியவில்லை. இறக்காவிட்டால், அந்த நேரம் வந்ததும் தெரு ஒரு மாதிரி அமைதியாகிவிடும். வாடிக்கையாளர்கள் தாங்களாகவே ஒதுங்கிப் போவார்கள். எதிரே ஜெராக்ஸ் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சாவி அறுக்கும் சத்தம் நிற்கும். திறந்த கடையில், திறந்த தெருவைப் பார்த்துக்கொண்டு, அந்த அரை மணியை நான் ஒருத்தியே உட்கார்ந்து தள்ளுவேன். மரியாதைக்குத்தான் செய்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. கடையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

காலுறையும் உள்ளாடையும் விற்கிற ஒரு இளம் தம்பதி எடுத்துக்கொண்டார்கள். சாவியைக் கொடுக்கப் போனபோது தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அந்தப் பெண் மேலே ஏறி நின்று அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கீழேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனில் யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தான். அவள் ஒரு பெட்டியை வாங்காமல் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். அவன் கவனிக்கவில்லை. அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"மதியத்துல இங்க வியாபாரம் எப்படிக்கா? மூடணுமா?" என்று கேட்டாள்.

"மூடாதீங்க," என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "திறந்தே வைங்க."

"நாங்க எங்கக்கா மூடப்போறோம். சாப்பிடவே நேரம் இல்லை," என்று சிரித்தாள். பெட்டி மேலிருந்து ஒரு நூல் உருண்டை விழுந்தது. உருண்டு போய், அன்று அவர் கிடந்த இடத்தில், வெள்ளை அடித்த சுவரை ஒட்டி நின்றது. அவன் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு அதைப் பார்த்தான்.

"தரை இந்தப் பக்கம் கொஞ்சம் சாயுதே. முன்னாடியே இப்படித்தானாக்கா?"

"ஆமா," என்றேன். "முன்னாடியே இப்படித்தான்."